துணி ஓரம் நூல் நூலா பிரியுதா? டெய்லரிங்ல அடிக்கடி கேக்கற கேள்விகள்

வீட்டு முன் ரூம்ல ரெண்டு மெஷின் போட்டு பிளவுஸ், சுடிதார், நைட்டி தைச்சு கொடுத்துட்டு இருக்கேன், சாயங்காலம் நாலஞ்சு பேரு கத்துக்கவும் வராங்க. கத்துக்க வர்றவங்களும் சரி துணி குடுக்க வர்றவங்களும் சரி, சுத்தி சுத்தி ஒரே விஷயம்தான் கேக்கறாங்க, அக்கா ஓரமெல்லாம் பிசிறு பிசிறா வருது என்ன பண்றதுன்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன். ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், இது ஓரத்தை நூலால சுத்தி தைக்கற ஓவர்லாக் மெஷின் இருக்கா இல்லையாங்கற பிரச்சனைன்னு நெறைய பேரு நினைச்சுக்கறாங்க. ஆனா கத்திரி வெக்கறப்போ எத்தனை நூல் துணி விட்டீங்கங்கறதுலயே பாதி முடிவாயிடுது. நூல்னா இங்க டெய்லர் கணக்கு, இஞ்சுக்கு 8 நூல். நான் 4 நூல்னு சொன்னா அரை இஞ்ச், துணில நாலு இழையை எண்ணிட்டு நிக்காதீங்க.

வெட்டின உடனே ஏன் நூல் பிரியுது? சில துணி மட்டும் பிரியவே மாட்டேங்குதே?

தறில நீளவாக்குல ஓடறது பாவு, குறுக்க போறது ஊடை. ஊடை நூல் ஓரம் வரைக்கும் போயி மடங்கி திரும்பி வரும், அந்த மடங்கற இடம்தான் கரை. அதனாலதான் கரைப் பக்கம் பிரியறதில்ல. நாம கத்திரி வெச்சா அந்த மடங்கல் போயிடுது, ஓரத்து நூலை பிடிச்சு வெக்க ஆளில்ல, ஒண்ணு கழண்டா அடுத்தது தளரும், அது கழண்டா அதுக்கு அடுத்தது.

நெருக்கமா நெய்த பாப்ளின், டூ பை டூ ரூபியா எல்லாம் ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கும், மெதுவாத்தான் பிரியும். சாட்டின், ஜார்ஜெட், ரயான் நூல் வழவழன்னு இருக்கறதால வழுக்கிட்டு வந்துரும். லினன் கொஞ்சம் இளக்கமா நெய்திருந்தா அதுவும் பிரியும். டிஷ்யூ, பனாரஸ் ரெண்டும் மூச்சு விட்டாலே பிரியும். பனியன் துணி கதையே வேற, அது நெசவு கிடையாது, வளையத்துக்குள்ள வளையம் விட்ட பின்னல், ஓரம் சுருண்டுக்குமே தவிர நூலா உதிராது. திருப்பூர்ல டீஷர்ட்டுக்கு ஓவர்லாக் போடறதுக்கு முக்கிய காரணம் இழுத்தா தையலும் கூட நீளணும்ங்கறதுதான், பிசிறு இல்ல. நெட் துணிக்கும் ஓரம் ஒண்ணுமே பண்ண வேண்டாம்.

எந்த துணின்னு தெரியலைன்னா ஒரு மூலைய கட்டைவிரல் நகத்தால நாலு தடவை சுரண்டுங்க. ஒண்ணு ரெண்டு இழை வந்தா கவலையில்ல, கொத்தா வந்தா உஷாராயிடுங்க.

கிராஸா வெட்டினா பிரியாதுன்னு சொல்றாங்களே?

கிராஸ்னா துணியை மூலைவாக்குல சாய்வா வெட்டறது. பிரியாதுன்னு இல்ல, ரொம்ப கம்மி. நேரா வெட்டினா ஓரத்துல ஒரு முழு நூல் படுத்திருக்கும், லேசா இழுத்தா அப்படியே நீளமா வந்துரும். கிராஸ்ல எல்லா நூலும் சாய்வா நுனி மட்டும் நீட்டிட்டு இருக்கும், உருவ நீளமா ஒண்ணும் கைக்கு சிக்காது. பைப்பிங் பட்டியை கிராஸ்ல வெட்டறது முக்கியமா வளைவுக்காக, பிசிறு கம்மியா இருக்கறது கூட வர்ற லாபம்.

தையலுக்கு எவ்வளவு துணி விடணும்?

சாதா காட்டன்னா 4 நூல். நகத்துல கொத்தா வர்ற துணின்னா 6 நூல்லருந்து 1 இஞ்ச். பிளவுஸ் சைடுல எப்படியும் பின்னாடி பிரிச்சு விடறதுக்கு 1 இஞ்ச், ஒண்ணரை இஞ்ச் விடுவோம், அங்க பிரச்சனை வராது. பிரச்சனை வர்றது கைக்குழி, கழுத்து, ஷோல்டர், டாட் வெட்டின இடம், இங்கெல்லாம்தான் கஞ்சத்தனம் பண்ணுவோம்.

நான் தைக்க ஆரம்பிச்ச புதுசுல ஒரு கல்யாண வீட்டு பட்டுப் பிளவுஸ் வந்துச்சு, பொண்ணோட அம்மாவுக்கு. பிளவுஸ் பிட் கொஞ்சம் சின்னது, அவங்க கொஞ்சம் பெரிய உடம்பு, நான் அக்கம் பக்கம் இழுத்து கைக்குழில ரெண்டே ரெண்டு நூல் விட்டு தைச்சு கொடுத்துட்டேன். பந்தில பரிமாற கைய நீட்டியிருக்காங்க, பர்ருன்னு சத்தம். நல்லவேளை முந்தானைய இழுத்து போத்திக்கிட்டாங்க. அடுத்த வாரம் கொண்டாந்து என் டேபிள்ல வெச்சாங்க, பாத்தா தையல் ஒண்ணுகூட அறுபடல, துணிதான் சீப்பு பல்லு மாதிரி நூல் நூலா நிக்குது. திட்டக்கூட இல்ல அந்தம்மா, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அதே கலர்ல வேற பட்டுத்துணி தேடி என் காசுல வாங்கி தைச்சு கொடுத்தேன். அன்னிலருந்து துணி பத்தாதுன்னா கைக்கு ஜாயிண்ட் போடறேன், இல்ல கையை கட்டையா வெக்கலாமான்னு கேக்கறேன், கைக்குழில மட்டும் கை வெக்கறதில்ல.

ஓவர்லாக் மெஷின் வாங்கியே ஆகணுமா?

வேணாம். தினம் நாலஞ்சு உருப்படி தைக்கறீங்கன்னா வாங்குங்க, நேரம் மிச்சமாகும். வீட்டுக்கு மட்டும் தைக்கறவங்க அந்த காசுக்கு நல்ல கத்திரியும் நல்ல அயர்ன் பாக்ஸும் வாங்கிட்டு மீதிய கைல வெச்சுக்கலாம். எங்க ஊரு மாதிரி சின்ன ஊர்லயே ஃபால்ஸ், பிகோ அடிக்கற கடையில ஓவர்லாக்கும் அடிச்சு தராங்க, ரெண்டு டீ காசுதான் ஆகும். நாலு துணி சேத்து வெச்சு ஒரே நடையா கொண்டு போயிட்டு வந்துரலாம்.

ஓவர்லாக் பண்றது என்னன்னா, ஒரு பக்கம் கத்தி ஓரத்தை சீவிக்கிட்டே போகும், பின்னாடியே ஊசி நூல் ஒண்ணும் வளையம் போடற லூப்பர் நூல் ரெண்டும் சேந்து ஓரத்தை சுத்திக்கும். அமெரிக்காவுல கனெக்டிகட்ல மெர்ரோன்னு ஒரு கம்பெனி 1880கள்லயே இந்த வேலைக்கு மெஷின் கொண்டு வந்துட்டாங்க. அதுக்கு முன்னாடியும் உலகம் பூரா துணி தைச்சுட்டுதான் இருந்துச்சு, எல்லாம் பிரிஞ்சு விழுந்துடல.

அம்மாவோட பழைய கறுப்பு மெஷின்தான் இருக்கு, நேர் தையல் மட்டும்தான் வரும். அதுல என்ன பண்ண முடியும்?

எல்லாமே பண்ணலாம். நான் கத்துக்கிட்டதே அதுலதான்.

முதல் வழி, ஓரத்தை 1 நூல் இல்லன்னா ரெண்டு நூல் உள்பக்கமா மடிச்சு மடிச்சு அது மேலயே ஒரு தையல் ஓட்டறது, சைடு ரெண்டு பீஸையும் சேக்கறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு ஓரத்துக்கும் தனித்தனியா. காட்டனுக்கு இதை விட சுத்தமான வேலை கிடையாது, பிளவுஸ பின்னாடி பிரிச்சு விட்டாலும் ஓரம் பத்திரமா இருக்கும். தடிமனான துணிக்கு வேண்டாம், மடிப்பு மேல கோடு மாதிரி தெரியும்.

ரெண்டாவது, சேத்து தைச்ச தையலுக்கு வெளியில 1 நூல் தள்ளி இன்னொரு தையல் ஓட்டி, அதுக்கு வெளிய இருக்கறதை ஒட்ட வெட்டிடறது. ரூபியா, பாப்ளினுக்கு போதும். ஜார்ஜெட்டுக்கு இது பத்தாது.

மூணாவது கை ஊசி. இப்பல்லாம் யாரு கைல தைக்கறாங்கன்னு கேக்கறாங்க, ஆனா ஒரு ஷோல்டருக்கும் ரெண்டு கைக்குழிக்கும் சாஞ்சாப்ல ஓரத்தை சுத்தி சுத்தி கைத்தையல் போட டிவில ஒரு சீரியல் ஓடற நேரம்தான் ஆகும். நூலை ரொம்ப இழுக்காதீங்க, ஓரம் சுருங்கி குவிஞ்சுக்கும். இன்னும் பலமா வேணும்னா காஜா எடுக்கற மாதிரி வளையத்துக்குள்ள ஊசியை விட்டு எடுங்க.

நேர் தையல் மெஷின்ல மாட்டற ஜிக்ஜாக் அட்டாச்மென்ட்டும் கிடைக்குது, ஊசிக்கு பதிலா துணியை இடமும் வலமும் ஆட்டும். வேலை செய்யும், ஆனா கடகடன்னு சத்தம் போடும், எனக்கு பொறுமை இல்ல.

உள்ளயும் ஓரம் தெரியாம தைக்கறாங்களே, அது எப்படி?

பிரெஞ்ச் சீம். ஜார்ஜெட், ஷிபான், ஆர்கன்சா மாதிரி உள்ள இருக்கறது வெளிய தெரியற துணிக்கு இதுதான். 4 நூல் விட்டு வெட்டிக்கோங்க. எப்பவும் நல்ல பக்கம் ரெண்டையும் உள்ள வெச்சுதானே தைப்போம், இதுல தலைகீழ், நல்ல பக்கம் வெளிய இருக்கணும். பாக்கறவங்க தப்பா தைக்கறன்னு சொல்வாங்க, சொல்லட்டும். 2 நூல் தள்ளி ஒரு தையல், அப்புறம் ஓரத்தை பாதியா, அதாவது 1 நூலா நறுக்கிடுங்க, நீட்டிட்டு இருக்கற பிசிறு ஒண்ணு விடாம. திருப்பி தையல் கரெக்டா மடிப்பு நுனில வர்ற மாதிரி தேய்ச்சுட்டு இன்னொரு 2 நூல்ல ரெண்டாவது தையல். அவ்வளவுதான், பிசிறு உள்ள பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு.

தேய்க்காம ரெண்டாவது தையலுக்கு போனீங்கன்னா நல்ல பக்கத்துல மீசை மாதிரி நூல் நீட்டிட்டு நிக்கும். அப்புறம் அதை ட்வீசர் வெச்சு பிடுங்கறதுதான் வேலை. கைக்குழி மாதிரி வளைவுல இது சரியா உக்காராது, நேர் தையலுக்கு மட்டும் வெச்சுக்கோங்க.

ஜிக்ஜாக் அடிச்சா ஓரம் சுருண்டு கயிறு மாதிரி ஆயிடுது

மெல்லிசு துணின்னா அப்படித்தான் ஆகும். அகலத்தை 5ல வெச்சிருந்தா 3க்கு குறைங்க, டென்ஷனை கொஞ்சம் லூஸ் பண்ணுங்க. அப்பவும் சுருண்டா ஓரத்துல அடிக்காம 2 நூல் உள்ள தள்ளி அடிச்சுட்டு வெளிய இருக்கறதை ஒட்ட வெட்டிடுங்க, ஜிக்ஜாக் மேல மட்டும் கத்திரி படக்கூடாது. கொஞ்சம் கெட்டி துணின்னா ஓரத்துலயே அடிக்கலாம், வலது பக்க குத்து துணியை விட்டு ஒரு இழை வெளிய விழணும், அப்பதான் நூல் ஓரத்தை சுத்தி பிடிக்கும். வலது குத்தும் துணி மேலயே விழுந்தா வெளியில இருக்கற நாலு இழை உதிர்ந்துட்டுதான் இருக்கும், அதை பாத்துட்டு ஜிக்ஜாக் வேஸ்ட்டுன்னு சொல்லக்கூடாது.

ஊசி நம்பர் முக்கியமா?

முக்கியம். ஜார்ஜெட், ஷிபானுக்கு 11, பிளவுஸ் துணிக்கு 14, ஜீன்ஸுக்கு 16க்கு மேல. முனை மழுங்கின ஊசி துணியை குத்தாம இழையை இழுத்துட்டு போகும், நல்லா இருக்கற ஓரத்தையும் அதுவே பிரிச்சு விட்டுரும்.

கடையில ஓவர்லாக் அடிச்சு வாங்கினேன், நாலு தடவை துவைச்சதும் அதுவே பிரியுது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தறதுன்னு இல்ல, ரெண்டு மூணு காரணம் இருக்கு. ஓவர்லாக் முடியற இடத்துல சங்கிலி மாதிரி ஒரு வால் தொங்கும் பாருங்க, அதை ஒட்ட வெட்டிட்டா அங்கிருந்தே கழண்டு வரும். வாலை 2 இஞ்ச் விட்டு வெட்டி, பெரிய காது ஊசில கோத்து தையலுக்குள்ளயே சொருகி விடுங்க, இல்லன்னா குறுக்க வர்ற இன்னொரு நேர் தையலுக்குள்ள மாட்டிக்கற மாதிரி வெச்சு தைச்சுடுங்க. ஹெம் மடிக்கற இடத்துல தானாவே மாட்டிக்கும்.

அடுத்தது, வெறும் 3 நூல் ஓவர்லாக்கை வெச்சே பீஸையும் சேத்து கொடுத்திருப்பாங்க. இந்த 3 நூல்ங்கறது நிஜமாவே மூணு கோன் நூல், மேல சொன்ன டெய்லர் கணக்கு இல்ல, குழப்பிக்காதீங்க. நெசவு துணிக்கு நேர் தையல் ஒண்ணு கட்டாயம், ஓவர்லாக் அதுக்கு காவல் மட்டும்தான். 5 நூல் மெஷின்ல ரெண்டும் ஒரே ஓட்டத்துல விழும், ரெடிமேட் பேண்ட் உள்ள திருப்பி பாத்தா தெரியும்.

மூணாவது, கத்தி மழுங்கியிருந்தா சீவாம மென்னு விட்டுரும். ஓவர்லாக் அடிச்ச உடனேயே ஓரத்துல முடி முடியா நீட்டிட்டு இருந்தா அதுதான்.

பிளவுஸுக்கு ஓவர்லாக் குடுக்கறப்போ ஒண்ணு சொல்லி குடுங்க, பிரிச்சு விட வெச்சிருக்கற துணியை சீவ வேண்டாம் பிசிறை மட்டும் எடுங்கன்னு. சொல்லாம விட்டா ஒண்ணரை இஞ்ச் மார்ஜின் முக்கால் இஞ்சா திரும்பி வரும், ரெண்டு வருஷம் கழிச்சு உடம்பு போட்டப்புறம்தான் அது தெரியும்.

ஜிக்ஜாக் கத்திரி வாங்கலாமா?

நெருக்கமான காட்டனுக்கு, அதுவும் லைனிங் உள்ள மறைஞ்சு இருக்கற ஓரத்துக்கு ஓகே. பல்லு பல்லா வெட்டறதால ஒவ்வொரு ஓரமும் குட்டி கிராஸ் ஆயிடுது, பிரியறதை தள்ளிப் போடும், நிறுத்தாது. ஜார்ஜெட்டை அது வெட்டவே வெட்டாது, மெல்லும். இன்னொண்ணு, தெருவுல சாணை பிடிக்க வர்றவருகிட்ட குடுத்துடாதீங்க, நேர் கத்திரிக்கு பிடிக்கற மாதிரி அதுக்கு பிடிச்சா பல்லு பொருந்தாம போயிடும்.

மெழுகுவத்தில ஓரத்தை காட்டினா ஒட்டிக்கும்னு சொல்றாங்க, பண்ணலாமா?

பாலியஸ்டர், நைலான்னா பண்ணலாம், ஏன்னா அது பிளாஸ்டிக் மாதிரி உருகி நூலெல்லாம் ஒண்ணா ஒட்டிக்கும். சாட்டின் ரிப்பன், சிந்தடிக் லேஸ், பாலியஸ்டர் ஜார்ஜெட் துப்பட்டா ஓரம், இதுக்கெல்லாம் நானே பண்றேன். பருத்தி, பட்டு, ரயான், லினன் எதுவும் உருகாது, எரியும். எதுன்னு தெரியலைன்னா மூலைல ரெண்டு இழை உருவி இடுக்கில பிடிச்சு தீ காட்டுங்க, பேப்பர் எரிஞ்ச வாசனை வந்து சாம்பல் ஆனா காட்டனோ ரயானோ, முடி பொசுங்கின வாசனைன்னா பட்டு, உருகி கறுப்பா உருண்டை கட்டினா பாலியஸ்டர். கலப்பு துணில ரெண்டும் நடக்கும், அதை விட்டுருங்க.

தீக்கு நேர் மேல பிடிக்காதீங்க, புகை பட்டு வெள்ளை துணி கறுத்துடும், பக்கவாட்டுல லேசா ஓட்டுங்க. எனக்கு ஊதுபத்திதான் சுலபமா இருக்கு, சுவாலை கிடையாது, நுனியை ஓரமா தொட்டுட்டே போனா போதும். பக்கத்துல ஒரு கிண்ணம் தண்ணி வெச்சுக்கோங்க, ஃபேனை ஆஃப் பண்ணுங்க, குழந்தைங்க இருக்கற ரூம்ல வேண்டாம். உருகின ஓரம் கெட்டியா சொரசொரன்னு இருக்கும், கழுத்து, அக்குள் மாதிரி உடம்புல படற இடத்துக்கு வெச்சுக்காதீங்க, அரிக்கும்.

நெயில் பாலிஷ்? ஃபெவிகால்?

கலர் இல்லாத நெயில் பாலிஷ் அவசரத்துக்கு சரி, காஜா வெட்டின இடத்துல ஒரு சொட்டு, ரிப்பன் முனைல ஒரு சொட்டு. பட்டுல எண்ணெய் பட்ட மாதிரி கறை நிக்கலாம், முதல்ல துண்டு துணில பாத்துக்கோங்க. சாதா வெள்ளை ஃபெவிகால் தண்ணில ஊறினா இளகிடும், துவைக்கற துணிக்கு வேலைக்காகாது. துணிக்குன்னே வர்ற பசை கிடைக்குது, ஆனா எதை தடவினாலும் ஓரம் அட்டை மாதிரி நிக்கும். முழு பிளவுஸுக்கும் பசை தடவணும்னு யோசிச்சீங்கன்னா கைத்தையலே வேகமா முடிஞ்சிடும்.

பட்டுப் பிளவுஸ்ல தையல் அப்படியே இருக்கு, துணி மட்டும் விலகி ஓட்டை ஓட்டையா தெரியுது. ஓவர்லாக் போட்டும் இப்படி ஆகுதே?

மேல சொன்ன என் கதை இதேதான். இது ஓரம் பிரியறது இல்ல, தையலை ஒட்டி நூல் வழுக்கி நகர்றது. ஓவர்லாக் ஓரத்தைத்தான் பிடிக்கும், இழுப்பு விழற இடம் அது இல்லையே. பட்டு நூல் வழவழப்பு, கூட வேர்வை, கூட டைட் ஃபிட்டிங், மூணும் சேந்தா முதுகுலயும் அக்குள்லயும் இப்படித்தான் வாயைத் திறக்கும்.

பண்ண வேண்டியது, லைனிங்கை மேல் துணியை விட ஒரு இழை டைட்டா, இல்லன்னா சமமா வெக்கணும், இழுப்பை லைனிங் வாங்கிக்கணும், பட்டு மேல சும்மா உக்காந்திருக்கணும். லைனிங் லூஸா இருந்தா மொத்த பாரமும் பட்டு மேலதான். தையல் வர்ற இடத்துல உள்பக்கமா அயர்ன் பண்ணா ஒட்டிக்கற மெல்லிசு கேன்வாஸ் 1 இஞ்ச் பட்டியா வெட்டி ஒட்டிட்டு அது மேல தைச்சா நூல் நகராது. தையலும் பொடியா, இஞ்சுக்கு 12 வர்ற மாதிரி. சும்மா இறுக்கமா இருந்தாத்தான் அழகுன்னு நிக்கற கஸ்டமருக்கு மட்டும் என்கிட்ட மருந்து இல்ல.

பனாரஸ் மாதிரி ஜரிகை வேலைப்பாடு துணில இன்னொரு தொல்லை, பின்னாடி நீளநீளமா நூல் தொங்கும். அதை வெட்டி சுத்தம் பண்ணாதீங்க, முன்னாடி இருக்கற பூ உதிர்ந்துடலாம். வெட்டறதுக்கு முன்னாடியே மார்க் பண்ண கோட்டுக்கு உள்பக்கமா ஒரு நேர் தையல் சுத்தி ஓட்டிட்டு அப்புறம் கத்திரி வைங்க, லைனிங்கோட சேத்து ஓட்டினா இன்னும் நல்லது.

ஆரி ஒர்க் பிளவுஸ் வெட்டினதும் மணி எல்லாம் கொட்டிடுச்சு

ஆரி ஊசில போடறது சங்கிலி தையல், நுனி கிடைச்சா ஒரே இழுப்புல சரசரன்னு பூரா வந்துடும். கத்திரி அந்த சங்கிலியை நடுவுல வெட்டினா நுனி கிடைச்சுடுச்சுன்னு அர்த்தம். அதனால தையலுக்கு விடற அந்த 4 நூலுக்குள்ள ஒர்க் வராம வரைஞ்சு குடுக்கறதுதான் சரி. வந்துட்டா, வெட்டறதுக்கு முன்னாடி கோட்டை ஒட்டி ஒரு மெஷின் தையல், பொடி தையலா. ஊசி போற வழில இருக்கற கண்ணாடி மணியை கட்டிங் பிளேயர்ல நொறுக்கி எடுத்துடுங்க, கண்ணை தூரமா வெச்சுக்கோங்க. நூலை அறுத்து எடுக்காதீங்க, பக்கத்து மணியும் வரிசையா இறங்கிடும்.

சேலைலருந்து பிளவுஸ் பிட் வெட்டிட்டேன், இப்ப சேலை பிரியுது

பிளவுஸ் பிட் சேத்து சேலை 6.3 மீட்டர் வரும், வெட்டினா 5.5 மீட்டர். வெட்டின பக்கம் உள்ள சொருகற முனைதானேன்னு விட்டுடறோம், அதுதான் இடுப்புல தேய்ஞ்சு தேய்ஞ்சு பிரியும். காட்டன், ஜார்ஜெட், பூனம் மாதிரி சேலைக்கு பிகோ அடிச்சா போதும். பட்டுக்கு எனக்கு பிகோ பிடிக்காது, சின்னதா ரெண்டு மடிப்பு மடிச்சு கைல ஹெம்மிங் பண்ணிடுவேன். முந்தி பக்கம் தறிலருந்து வர்றப்பவே பாவு நூல் நெய்யாம தொங்கும், அதை கொத்து கொத்தா எடுத்து முறுக்கி முடிச்சு போட்டாலே பிரியாது, குஞ்சம் கட்டறதோட அசல் வேலையே அதுதான், அழகு அப்புறம் வந்தது.

தைக்கறதுக்கு முன்ன துணியை அலசணும்னு சொல்றாங்க, வாஷிங் மெஷின்ல போட்டா ஓரமெல்லாம் நூல் பந்தா சுத்திக்குது

வெட்டாத துணியை மெஷின்ல போடறதுன்னா வெட்டு ஓரம் ரெண்டுக்கும் சும்மா ஒரு பெரிய ஜிக்ஜாக் அடிச்சுட்டு போடுங்க, அது கூட இல்லன்னா ரெண்டு ஓரத்தையும் சேத்து ஒரு நேர் தையல். நான் பக்கெட்ல அரைமணி ஊறவெச்சு பிழியாம கொடில போட்டுடுவேன். நூல் பந்து வந்தா இழுக்காம கத்திரியால வெட்டுங்க.

ரயான் வெட்டறப்பவே கையோட வருது

வடிச்ச கஞ்சித்தண்ணி. சாதம் வடிக்கற வீடுன்னா தனியா எடுத்து வெச்சு, நல்லா தண்ணி விட்டு, வடிகட்டி, அதுல துணியை நனைச்சு நிழல்ல காயப்போட்டு, லேசா ஈரமிருக்கறப்பவே தேய்ச்சுடுங்க. பேப்பர் மாதிரி நிக்கும், வெட்டறதும் சுலபம், ஓரமும் தைக்கற வரைக்கும் பிரியாம இருக்கும். துவைச்சா கஞ்சி போயிடும், அதனால ஓரத்தை முடிக்காம விட்டுடாதீங்க. பட்டுக்கு இதை பண்ணவே கூடாது, தண்ணி பட்ட இடம் திட்டு திட்டா நிக்கும். குக்கர்ல சாதம் வெக்கறவங்க கடைல ஸ்பிரே ஸ்டார்ச் வாங்கிக்கலாம்.

துணிப்பை தைக்கறோம், உள்ள பிசிறு வந்து பொருளெல்லாம் ஒட்டுது

2021 டிசம்பர்ல அரசாங்கம் மீண்டும் மஞ்சப்பைன்னு ஆரம்பிச்சப்புறம் எனக்கும் கொஞ்சம் பை ஆர்டர் வந்துச்சு, அதுல அடிபட்டு தெரிஞ்சுக்கிட்டது இது. காடாத்துணி இளக்கமான நெசவு, பருப்பு அரிசி பாரத்துக்கு வெறும் நேர் தையல் தாங்காது. பிரெஞ்ச் சீம் போடுங்க, ஓரமும் மறைஞ்சுடும் தையலும் ரெண்டு ஆயிடும். அடிப்பக்கம் துணி மடிப்பா வர்ற மாதிரி ஒரே பீஸா வெட்டினா கீழ தையலே கிடையாது. வாய்ப்பக்கம் கரை வர்ற மாதிரி வெட்டினா ஒரு மடிப்பு போதும்.

ஏற்கனவே தையல் வரைக்கும் பிரிஞ்சு போச்சு, காப்பாத்த முடியுமா?

தையலுக்கும் பிசிறுக்கும் நடுவுல 1 நூலாவது இருந்தா முடியும். முதல்ல தொங்கற நூலை வெட்டுங்க, இழுத்தீங்கன்னா இன்னும் நாலு கூட வரும். அப்புறம் பழைய தையலுக்கு 1 நூல் உள்பக்கமா புது நேர் தையல் ஓட்டுங்க, உடுப்பு அந்தளவுக்கு டைட் ஆகும், அதை பாத்துக்கோங்க. ஓரத்துக்கு 1¼ இஞ்ச் கிராஸ் பட்டி வெச்சு மூடிடுங்க. பட்டிக்கு மெல்லிசு ரூபியா எடுங்க, அதே துணியில வெட்டினா தடிச்சுக்கும்.

தையலையும் தாண்டி பிரிஞ்சிருந்தா உள்பக்கம் ஒட்டற கேன்வாஸ் வெச்சு, விலகின நூலை ஊசி முனையால ஒதுக்கி பழைய இடத்துக்கு கொண்டாந்து, மேல அயர்ன் பண்ணி தைக்கலாம். அக்குள் பக்கம்னா வெளிய தெரியாது. முதுகுன்னா தெரியும், ஒரு லேஸை ஓட்டிடுங்க.

பிசிறையே டிசைனா விடறாங்களே துப்பட்டால, அது எப்படி பிரியாம நிக்குது?

ஓரத்துலருந்து 1 இஞ்ச் உள்ள தள்ளி பொடியா ஒரு நேர் தையல், அதே கலர் நூல்ல. அப்புறம் வெளிப்பக்கமிருந்து குறுக்கு நூலை ஒவ்வொண்ணா உருவிட்டே வாங்க, தையல் வந்ததும் தானா நின்னுடும். வெட்டு நேரா இல்லன்னா முதல் பத்து நூல் பாதில பாதில அறுந்து வரும், அதனால ஆரம்பத்துலயே ஒரு நூலை முழுசா உருவி அந்த தடத்துல வெட்டிக்கோங்க. காட்டன், லினனுக்கு நல்லா இருக்கும். என் பொண்ணு ஒரு ஞாயித்துக்கிழமை டிவி பாத்துட்டே உருவ ஆரம்பிச்சா, தையல் போட மறந்துட்டா, மத்தியானம் பாக்கறப்போ துப்பட்டா கைக்குட்டை சைஸுக்கு வந்துட்டு இருந்துச்சு.